வெட்டுக்கத்தியும் அம்மி ஓரமும்

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டுக் குழம்பில் இரும்பு வாடை அடித்தது. மீன் குழம்பானாலும் வத்தக்குழம்பானாலும், பள்ளிக்கூடத்துக் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தால் நாக்கில் ஒட்டுமே, அந்த ருசி முதல் கவளத்திலேயே வந்துவிடும். அப்பா தட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். முதலில் குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டார், அடுத்து மளிகைக்கடைக்காரர் மிளகாய்த்தூளில் எதையோ கலக்கிறார் என்றார், கடைசியில் குழம்புச் சட்டியையே கவிழ்த்து அடியைச் சுரண்டிப் பார்த்தார். சந்தேகப்பட வேண்டிய ஓர் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் அவர் சந்தேகப்பட்டு முடித்தார் என்றுதான் நாற்பது வருஷங்களுக்கு மேலாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது. புதுச்சேரியில் இருந்த மில்களில் ஒன்றில் அப்பா தறி ஓட்டினார், அந்தக் கோடை தொடங்கும் முன் சஸ்பெண்ட் ஆனார். ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது கேட்டில் பையைத் துழாவிப் பார்ப்பது வழக்கம். அன்றைக்கு அப்பாவின் சோற்றுப் பையில் தூக்குக்கு அடியில் இரண்டு முழம் துணி மடித்து வைத்திருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் யார் வைத்திருப்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தறிப் பிரிவின் மேஸ்திரி தாமோதரன், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர், அப்போது கேட்டருகே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் காதிலும் விழும்படி அப்பா அவரைப் பார்த்து, "ஒரு நாளு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்றே வார்த்தைதான். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெருக் குழாயடியில் அது மூன்று கதையாகியிருந்தது.

பிறந்ததிலிருந்தே அப்பா எதையும் எளிதில் நம்பாதவர். பாக்கெட்டைப் பிரிக்காமல் தீப்பெட்டி வாங்க மாட்டார், தர்பூசணியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய் அதையும் தட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்டவரைத் திருடன் என்று சந்தேகப்பட்டு வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? எட்டு நாள் பேசாமல் கிடந்தார். ஒன்பதாம் நாள் காலை சைக்கிளை எடுத்து என்னைக் கேரியரில் உட்காரவைத்து, "வா பாப்பா, கத்தி ஒன்னு வாங்கணும்" என்றார். அடுக்களை வாசலில் முறத்தோடு நின்றிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. "கத்தியா, எதுக்குங்க?" என்றாள். "வெட்டத்தான்" என்று சொல்லிவிட்டு அப்பா பெடலை மிதித்தார்.

தவளக்குப்பத்தில் கடலூர் சாலையை ஒட்டி ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. அதற்கு முன்னால் வேறு இரண்டு பட்டறைகளில் எல்லாக் கத்தியையும் எடுத்துப் பார்த்து எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்திருந்தார். இங்கே கொல்லர் சாக்கு விரித்து ஏழெட்டு வெட்டுக்கத்திகளை வரிசையாக வைத்திருந்தார், என் முழங்கை நீளத்துக்குக் குறையாத, அடுப்படிக்குள் வைக்க முடியாத பெரிய கத்திகள். "அத்தனையும் லாரிப் பட்டையில அடிச்சது" என்றார். லாரியின் அடியில் வில்போல வளைந்திருக்கும் எஃகுப் பட்டையைத்தான் அப்படிச் சொல்வார்கள், அதில் அடித்த கத்திக்கு மதிப்பு அதிகம். அப்பா அதை நம்பவில்லை. "எல்லாரும் லாரிப் பட்டைன்னுதான் சொல்றான். இந்தச் சுத்துப்பட்டுல அவ்ளோ லாரி ஏதுப்பா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஒவ்வொரு கத்தியையும் பிடியின் நுனியில் இரண்டு விரலால் தொங்கவிட்டு, மறு கை நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார். உள்ளே கீறல் விழுந்த இரும்பு ஓசையை இழுக்காது, சட்டென்று செத்துவிடும் என்பார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதுகுப் பக்கமாக வெயிலுக்கு நீட்டி வளைவு இருக்கிறதா என்று பார்த்தார். இடுப்பில் செருகிக் கொண்டுவந்திருந்த சிறு அரத்தால் வாயோரம் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். அரம் வழுக்கினால் எஃகு, கடித்துக்கொண்டால் வெறும் இரும்பு. மரப்பிடிக்குள் போகும் கத்தியின் வால் அடிவரை போய் வெளியே வந்து மடங்கியிருக்கிறதா, பாதியோடு நின்றுவிட்டதா என்று பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கு வளைந்த கத்திகளை அவர் தொடவேயில்லை. கடைசியில் நேரான, முதுகு தடித்த, மற்றவற்றைவிட அழகு குறைந்த ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். கொல்லர் வெகு நேரமாக அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா வேலைக்கு?" என்று கேட்டார். "வேலைக்குத்தான்" என்றார் அப்பா. கொல்லர் கத்தியை எடுத்து அப்பாவின் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார், அப்பா குனிந்து எடுத்துக்கொண்டார். கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் பகை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

அப்பா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒருவரிடம் இருபது தென்னைகளை இளநீருக்குப் பேசி வைத்திருந்தார். தட்டாஞ்சாவடி பட்டறைகளின் வாசலில் வெட்டி விற்பதாகத் திட்டம். விஷயம் வெளியே கசிந்தால் வேறு யாராவது அந்த மரங்களை மடக்கிவிடுவார்கள் என்று பயந்தார். அம்மாவிடம் சொன்னால் அவள் குழாயடியில் சொல்லிவிடுவாள், குழாயடிச் சேதி கடலூர் வரை போகும் என்பது அவர் கணக்கு. ஊரை நம்பாதவர் வீட்டையும் சேர்த்தே நம்பாமல் விட்டார். நடந்த அத்தனைக்கும் விதை இதுதான் என்பேன்.

தினம் பகல் மூன்று மணி சுமாருக்கு, தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணயர்ந்திருக்கும் நேரத்தில், அப்பா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கத்தி தீட்டுவார். முதலில் சொரசொரப்பான கருங்கல்லில் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார். பிறகு ஒரு மரக்கட்டை. மரமேறிகள் வைத்திருப்பார்களே, அந்தத் "தீட்டுக்கட்டை". ரயில் பாதையோரம் பொறுக்கி வந்த வெள்ளைக் கல்லை இடித்துச் சலித்த பொடியைக் கட்டைமேல் தூவி, கத்தியைப் படுக்கவைத்து இழுப்பார். ஒரு பக்கம் மட்டும்தான் இழுப்பார், மறு பக்கத்தைப் பேருக்குத் தடவுவதோடு சரி. "சர்ர்க்... சர்ர்க்..." என்று அந்தச் சத்தம் அரை மணி நேரம் ஒரே சீராக வரும். கூர் வந்ததா என்று முதலில் இடது கட்டைவிரலைக் குறுக்காக வைத்துப் பார்ப்பார், அப்புறம் இடது கை முடியைச் சிரைத்துப் பார்ப்பார். நாளாக நாளாக அந்தக் கையில் முடியில்லாத இடம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சோறு போடும்போது அம்மாவின் கண் அந்த இடத்தில்தான் போய் நிற்கும். "கூரான கத்தி சொன்ன பேச்சு கேக்கும். மொண்ணக் கத்திதான் ஆளப் பாக்கும்" என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அம்மாவின் காதில் அதில் பாதிதான் விழுந்திருக்க வேண்டும்.

அடுத்த வீட்டில் "சொல்தா" மாமா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனாவில் காடு வெட்டிக்கொண்டு நடந்த காலத்தில் வைத்திருந்ததாக ஒரு பெரிய கத்தி அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் தோலுறையோடு தொங்கும். அதை "கூப்-கூப்" என்பார். கத்தி விஷயத்தில் தெருவில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அவர் ஒரு நாள் கொல்லைப்புற வேலிக்கு மேலாக அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "தங்கச்சி, வேலவெட்டி இல்லாத மனுஷன் தெனம் கத்தி தீட்டுனா அது நல்லதுக்கில்ல. சைகோன்ல நான் பாத்துருக்கேன். ஒளிச்சாவது வெய்யி." ஆள் வெட்டுகிறவன் ஒரு பக்கம் மட்டும் தீட்ட மாட்டான், மட்டை சீவுகிறவன்தான் அப்படித் தீட்டுவான் என்பது, அவ்வளவு பார்த்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? எட்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவர் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார், கத்தியின் வாயைப் பார்க்கவில்லை.

ஒளித்து வைத்தால் சண்டை வரும் என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். ஒரு நாள் காலை பத்து மணிக்குக் குடத்தோடு உள்ளே வந்தவள் நான் அதைப் பார்த்துவிட்டேன். அப்பா வெளியே போயிருந்தார். அம்மா கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மியின் ஓரத்தில், கல்லையே அறுத்துவிடுகிறவள் மாதிரி, முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். கருங்கல்லில் கறுப்பாகக் கோடுகள் விழுந்திருந்தன. என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். "அப்பாகிட்ட சொன்னன்னா நீ எம் பொண்ணே இல்ல" என்றாள். அதட்டிச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். மெதுவாகச் சொன்னாள். கத்தியை ஆணியில் மாட்டிவிட்டு அதே அம்மியில் மிளகாய் அரைக்க உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அப்பா தாமோதரனை வெட்டிவிடுவாரா என்று அவரைப் பார்ப்பேன், அம்மா மாட்டிக்கொள்வாளா என்று அவளைப் பார்ப்பேன், என் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று ரசம் போன கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொள்வேன். அப்பாவுக்குக் கையில் விலங்கு போட்டுத் தெரு வழியாகக் கூட்டிக்கொண்டு போவதாக ஒரு காட்சி பட்டப்பகலிலேயே கண்ணுக்குள் வந்து நிற்கும். அந்தப் பயம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

அப்பாவோ கத்தியைச் சந்தேகப்பட்டார். மூன்று மணிக்கு முடியைச் சிரைத்த கத்தி மறுநாள் மூன்று மணிக்கு வாழைமட்டையைக்கூட ஒழுங்காகச் சீவவில்லை. உப்புக் காற்று என்றார். சொல்தா மாமா இரவல் எடுக்கிறாரா என்று அவர் வீட்டு விறகை நோட்டம் விட்டார். கடைசியில் என்னையும் ஏற்றிக்கொண்டு தவளக்குப்பம் போய், கொல்லரின் முன்னால் கத்தியைத் தரையில் போட்டு, "லாரிப் பட்டைன்னு சொன்னியே" என்றார். கொல்லர் அதை எடுத்து வாயோரம் கண்ணை ஓட்டினார். மறுபடி காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, சாணை பிடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இரும்புல குத்தமில்ல. எவனோ இத கல்லுல போட்டு அறுக்கறான். ஒன் வீட்டுல பாரு." அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் துருத்தியைப் பார்த்தேன்.

வீடு வந்து சேர்ந்தோம். சைக்கிளை நிறுத்தியதும், "நீ எடுத்தியா?" என்றார். "ஆமாம்பா. கல்லுல வெச்சு நுங்கு வெட்டுனேன்" என்றேன். எங்கள் வீட்டுப் பக்கம் அந்த வாரம் நுங்கு வண்டியே வரவில்லை. அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தர்பூசணியைத் தட்டிவிட்டுக் காது கொடுப்பாரே, அது மாதிரி தலையைச் சாய்த்து நின்றார். பிறகு ஆணியைப் பிடுங்கி உயரத்தில் அடித்தார். அம்மா நான்கு நாள் கத்திப் பக்கம் போகவில்லை.

ஐந்தாம் நாள் அப்பா மூன்று மணிக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் தீட்டினார். முடித்துவிட்டு, "நாளைக்கு விடியக்காலத்துல ஒரு வேல இருக்கு. சாக்கு ஒன்னு எடுத்து வெய்யி" என்று அம்மாவிடம் சொன்னார். "இன்னா வேலங்க?" என்றாள். "வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அம்மா முக்காலி போட்டு ஏறினாள். அன்று அம்மி ஓரத்தில் அவள் இழுத்த இழுப்புக்கு நான் வாசலில் நின்று காவல் காத்தேன். ஆமாம், நானும்தான்.

மறுநாள் நான் விழித்தபோது ஆணி காலியாக இருந்தது, சாக்கும் இல்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திடீரென்று முடியைக்கூட முடியாமல் தெருவில் இறங்கி ஓடினாள், பின்னால் நான். தாமோதரன் வாசலில் வேப்பங்குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா அவர் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கும்பிட்டாள். "உள்ள போயிக் கதவ சாத்திக்குங்க. எங்க வூட்டுக்காரரு கத்தியோட வராரு. அவர காட்டிக் குடுத்துடாதீங்க" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாள். தாமோதரன் வாயிலிருந்த குச்சியைக் கூடத் துப்பாமல் வீட்டுக்குள் ஓடி, கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துப் போனார். சேதராப்பட்டில் மாமியார் வீட்டில்தான் நின்றாராம். சும்மா வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்துவிட்டது.

பதினோரு மணிக்கு அப்பா வந்தார். சைக்கிளை ஒரு கையால் பிடித்து உருட்டிக்கொண்டு வந்தார். இடது கைக் கட்டைவிரலில் சுற்றியிருந்த துண்டு சிவப்பாக நனைந்திருந்தது, கேரியரில் இருந்த சாக்கிலிருந்து கத்திப் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை. சொல்தா மாமா மட்டும் உள்ளே ஓடித் தன் கூப்-கூப்போடு வந்து வழியை மறித்து நின்றார். உருவப் பார்த்தார். உறைக்குள்ளேயே துருப்பிடித்துக் கிடந்த கத்தி கடைசிவரை வெளியே வரவில்லை. வேறொரு நாளாக இருந்தால் தெருவே சிரித்திருக்கும்.

"இன்னா கும்பல் இது?" என்றார் அப்பா. சாக்கைக் கீழே இறக்கினார், வாய் அவிழ்ந்து நான்கு இளநீர்கள் உருண்டு வந்தன. "பாப்பாவுக்கு வழுக்கையா பாத்து எடுத்தாந்தேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சொல்தா மாமா உறையைக் கீழே இறக்கி, "தாமோதரன வெட்டப் போயிட்டன்னு ஒம் பொண்டாட்டிதானய்யா சொல்லுச்சு" என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். கேட்டில் பையைத் துழாவியபோதும் அவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொத காயிலியே வழுக்கிடுச்சு. கூர் இல்ல" என்றார் அப்பா. அந்த விரலை வெட்டியது நாங்கள் இரண்டு பேர் என்று எனக்குத் தெரிந்தது, வீட்டுக்குள் ஓடிப் பாய்க்குள் சுருண்டுகொண்டு அழுதேன்.

பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். விரல் பிழைத்தது, உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. தாமோதரன் ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். "மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்" என்று அவர் ஓடியதையே சாட்சியாக வைத்து அப்பா கடைசிவரை பேசினார். கத்தியோடு ஆள் வருகிறான் என்று சொன்னால் குற்றமில்லாதவனும் ஓடத்தானே செய்வான் என்று எனக்குத் தோன்றும், சொன்னதில்லை. அந்தத் துணியை வைத்தது யார் என்பது இன்றுவரை தெரியாது. அப்பா மில்லுக்குத் திரும்பவில்லை. எண்பதுகள் முழுக்கத் தட்டாஞ்சாவடியில் இளநீர் வெட்டினார், நாங்கள் அதில்தான் சாப்பிட்டோம், படித்தோம்.

கை ஆறி முதல் நாள் வியாபாரத்துக்குக் கிளம்பும்போது கட்டைவிரலைக் கத்தி வாயில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தியை நீட்டினார். "பதம் பாரு" என்றார். அம்மா பின்னால் நகர்ந்து, "கீழ வைங்க, எடுத்துக்கறேன்" என்றாள். "பக வரதெல்லாம் வந்து போயிடுச்சு. புடி" என்றார். அம்மா வாங்கி விரலை ஓட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு இழுப்பு" என்றாள். அதன் பிறகு தினமும் காலையில் அதுதான் நடந்தது. அவள் "போதும்" என்றால் கிளம்புவார். கையில் முடி வளர்ந்து அந்த இடம் மூடிக்கொண்டது.

அப்பா போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. மில் சங்கு ஊதுவதில்லை. சொல்தா மாமாவின் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள், அவர் வீடிருந்த இடத்தில் ஒரு விடுதி நிற்கிறது. எங்கள் வீட்டையும் போன மாதம் இடித்துக் கட்டத் தொடங்கினோம். கொல்லையில் குழாயடிப் படியாகக் கிடந்த அம்மியைப் புரட்டி எடுத்தபோது, ஓரத்தில் அந்தக் கோடுகளைத் தேடினேன். வெட்டு இல்லை, கறுப்பும் இல்லை. ஓரம் முழுக்க உளி கொத்திய புள்ளிகள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு எண்பது நடக்கிறது, காது மந்தம், ஞாபகம் மந்தமில்லை. "ஒங்கப்பாதான் கொத்த வெச்சாரு. பொங்கலுக்குக் கொத்துன அம்மி, கோடையில மறுபடி எதுக்குன்னேன், பேசல. கைக்கட்டோட பக்கத்துலயே நின்னு ஓரத்தயும் கொத்துன்னாரு. ஓரத்த எவனாவது கொத்துவானா அண்ணேன்னு அம்மி கொத்தறவன் சிரிச்சான்" என்றாள். "அப்புறம் ஒன்ன கேக்கலியாம்மா?" என்றேன். "கேக்கல. நானும் சொல்லல" என்றாள்.

வேலையாட்கள் அம்மியைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பாத மனிதர், எல்லாம் தெரிந்த பிறகுதான் தினமும் காலையில் கத்தியை அவளிடம் நீட்டியிருக்கிறார்.